மாமாவின் சிவப்புத் தண்ணீர்

நீலத் தண்ணீருக்கு ருசி கிடையாது. பச்சைத் தண்ணீருக்கும் கிடையாது. சிவப்புத் தண்ணீரில் மட்டும் லேசாக ஒரு வாசனை வரும். அது பாட்டிலைச் சுற்றித் தாள் ஒட்டப் பயன்பட்ட மைதாப் பசையின் வாசனை. மூன்றையும் யாருக்கும் தெரியாமல் குடித்துப் பார்த்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் ஒரே மாதிரி வீடுகள் இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக நிற்கும். எல்லாச் சுவருக்கும் ஒரே வெளிறிய மஞ்சள், எல்லாக் கதவுக்கும் ஒரே சாம்பல். மழை நாளில் பள்ளிவிட்டு ஓடிவந்தால் அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிடுவோம். அந்த வீட்டு அம்மாவும் எதுவும் கேட்காமல் தலையைத் துவட்டி அனுப்புவார்.

அந்த வருஷம் எனக்குத் தம்பியோ தங்கையோ பிறக்கப்போகிறது என்றார்கள். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஐந்தாம் நாள் திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. தம்பிதான் பிறந்தான், இரண்டு நாள் இருந்தான் என்று அப்பா சுருக்கமாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அம்மா மற்றப் பேச்சையும் எடுக்கவில்லை. ஜன்னல் ஓரம் பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். சாப்பிடு என்றால் இரண்டு வாய் சாப்பிடுவாள். எழுந்திரு என்றால் எழுந்து உட்காருவாள். வாசற்படியைத் தாண்டி வெளியே வரவே இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை, டானிக் கொடுங்கள் என்றார். டானிக் பாட்டில் தீர்ந்தது. அம்மா அப்படியேதான் இருந்தாள். அப்பா சோறு பொங்கக் கற்றுக்கொண்டார். நான் அதைச் சாப்பிடக் கற்றுக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் மாமா புத்தகத்தோடு வந்தார்.

மாமா அம்மாவுக்கு மூன்று வயது இளையவர். அம்மா பிறந்த ஊரான முத்தாபுதுப்பேட்டையில் இருந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சைக்கிள் பாகங்கள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டினார். அதற்கு முன்னால் ரயில்வேக்கு முயன்று, எல்லாவற்றிலும் தேறி, கடைசியில் உயரம் பற்றாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பது குடும்பத்தில் எல்லோரும் அறிந்த கதை. ஆனால் எங்கள் வீட்டு நிலைப்படியில் அவர் குனிந்துதான் நுழைவார். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

புத்தகத்துக்கு அட்டை இல்லை. சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் எடுத்ததாம். சூரிய வெளிச்சத்தில் ஏழு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணம், மனிதனுக்கு வருகிற நோயெல்லாம் ஏதோ ஒரு நிறம் குறைவதால் வருவது என்று அதில் எழுதியிருந்தது. சிவப்பு ரத்தத்தைச் சூடாக்கும், சோர்வைப் போக்கும். நீலம் தூக்கம் தரும். பச்சை படபடப்பை அடக்கும், ரத்தக் கொதிப்பைத் தணிக்கும். சோர்ந்து கிடப்பவர்களுக்குப் பச்சை கொடுத்தால் இன்னும் அமுங்கிப் போவார்கள், எச்சரிக்கை என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தது.

“அக்காவுக்கு செவப்புதான் கொறஞ்சிகீது மச்சான்” என்று மாமா அப்பாவிடம் சொன்னார்.

“உனக்கு இன்னா கொறஞ்சிகீதுன்னு அந்த புக்குல பாரு மொதல்ல” என்றார் அப்பா. ஆனால் தடுக்கவில்லை. டானிக் தோற்றுப்போன வீட்டில் யாரும் எதையும் தடுக்கிற நிலையில் இல்லை.

மாமா முதலில் ஜன்னலில் கை வைத்தார். வெயில் சிவப்பாக அம்மா மேல் விழ வேண்டும் என்று, கடையிலிருந்து கண்ணாடித் தாள் வாங்கி வந்து, நான் பள்ளியில் இருந்த நேரத்தில் ஒட்டிவிட்டார். நான் திரும்பி வந்தபோது அறை முழுக்கப் பச்சையாக இருந்தது. சுவர், பாய், மண்பானை, அம்மாவின் முகம், எல்லாமே குளத்துத் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருந்தன. நடுவில் மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெருமையாக நின்றார்.

“எப்டிக்கா கீது?”

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். “சோக்கா கீதுடா” என்றாள்.

“மாமா, செவப்புன்னு சொன்னீங்க…” என்று நான் ஆரம்பித்தேன்.

“போயி கை கால் கழுவு” என்றாள் அம்மா. அந்த வாரம் அவள் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம் அது. வைத்தியத்தில் ஏதோ மாற்றம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கை கால் கழுவப் போனேன்.

அடுத்து பாட்டில்கள். மருந்துக்கடை நீலக் கண்ணாடி பாட்டில் ஒன்று. வெள்ளை பாட்டில்கள் இரண்டு, ஒன்றுக்குச் சிவப்புத் தாள், ஒன்றுக்குப் பச்சைத் தாள். தாளை நான் எடுத்துக் கொடுக்க, மாமா சுற்றி ஒட்டினார். காலையில் தண்ணீர் நிரப்பிப் பின்வாசல் சுவர்மேல் ஒரு பலகையில் வைக்க வேண்டும். பகல் முழுவதும் வெயில் குடித்த தண்ணீரை மாமா வேலை முடிந்து சைக்கிளில் வந்து தன் கையால் அம்மாவுக்குக் கொடுப்பார். வைப்பது என் பொறுப்பு.

“எட்த பக்கம் செவப்பு, நடுவுல பச்ச, சோத்துக்கை பக்கம் நீலம். வரிசை மாறவே கூடாது. மாறிச்சின்னா சத்து பூடும்” என்றார் மாமா. இந்த விதி புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். கிழிந்துபோன பக்கத்தில் இருந்திருக்கும் என்று முடிவு செய்தேன்.

எனக்கு அந்தத் தண்ணீர்மேல் பெரிய ஆர்வம் வந்துவிட்டது. டம்ளரில் ஊற்றினால் மூன்றும் ஒரே தண்ணீர்தான்; ஆனால் உள்ளே குணம் இருக்கிறது. கணக்குப் பரீட்சையன்று காலையில் சிவப்புத் தண்ணீர் ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் போனேன். தைரியம் வந்தது, விடை வரவில்லை. தபால்காரரைக் கண்டால் குரைக்கும் நாய்க்கு நீலத் தண்ணீர் வைத்தேன். அது குடித்துவிட்டுத் தூங்கியது. ஆனால் அந்த நேரத்தில் அது எப்போதும் தூங்கும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஒரு பழைய நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன்.

எங்கள் வரிசையில் செய்தி பரவியது. மாலையில் மாமாவின் சைக்கிள் மணி கேட்டால் இரண்டு பேராவது வந்து நிற்பார்கள்.

“மூட்டு வலிக்கு இன்னா கலரு தம்பி?”

மாமா புத்தகத்தைப் புரட்டுவார். “ஆரஞ்சு. அந்த பாட்லு இன்னும் ரெடியாவல. ஒரு வாரம் பொறுத்துக்கோம்மா.”

எதிர் வரிசையில் ஒரு சார்ஜ்மேன் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தொழிற்சாலையில் ஐம்பது பேரை மேய்ப்பவர், ரத்தக் கொதிப்பும் அதற்குத் தகுந்த குரலும் உள்ளவர். அவருக்குப் பச்சை என்று மாமா தீர்மானித்தார். சனிக்கிழமை மாலை பாட்டிலோடு வாங்கிப் போய் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குடிப்பார்.

ஒருநாள் அணில் ஒன்று பலகைமேல் ஓடி பாட்டில்களைத் தள்ளிவிட்டது. உடையவில்லை. நான் மறுபடியும் நிரப்பி அவசரத்தில் கைக்கு வந்தபடி வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். மாலையில் மாமா வந்தார், இடது ஓரத்து பாட்டிலை எடுத்தார். அது பச்சை. எனக்கு வரிசை மாறியது அப்போதுதான் உறைத்தது. சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “செவப்புக்கா. ரத்தத்துல சூடு ஏத்தும். இன்னும் பத்து நாளு, நீயே எய்ந்து ஓடுவ பாரு.”

அம்மா அவர் கையிலிருந்த பச்சை பாட்டிலை ஒரு நிமிஷம் பார்த்தாள். டம்ளரை வாங்கிக் குடித்தாள்.

மாமா விளையாடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். மறுநாள் சரியான வரிசையில் வைத்தேன். சிவப்பைச் சரியாக எடுத்தார். அதற்கு மறுநாள் நீலத்தை இடப்பக்கம் வைத்தேன். உடனே கண்டுபிடித்து, “இன்னா, வரிசைய மாத்திகீற?” என்றார். சரி, கெட்டிக்காரர்தான். நான்காம் நாள் சிவப்பையும் பச்சையையும் மட்டும் மாற்றினேன். பச்சையை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, திருப்தியோடு தலையாட்டி, “செவப்பு” என்றார்.

நோட்டில் இதையும் எழுதினேன். ஆனால் எழுதி முடித்தபோது ஜன்னல் நினைவுக்கு வந்தது. இத்தனை நாளாக அம்மா பச்சை வெளிச்சத்தில்தான் கிடக்கிறாள். சோர்ந்தவர்களுக்குப் பச்சை கூடாது என்று புத்தகம் அடிக்கோடு போட்டுச் சொல்கிறது. அம்மா எழுந்திருக்காததற்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டேன் என்று நம்பினேன். மாமாவிடம் சொன்னாலோ ஜன்னல் தாளைக் கிழித்தாலோ வருத்தப்படுவார், அப்பாவிடம் சொன்னால் புத்தகம் அடுப்புக்குப் போகும். இனிமேல் வரிசையை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவது, அம்மாவுக்குச் சிவப்பே போகும்படி பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன்.

ஆனாலும் ஆராய்ச்சி புத்தி விடவில்லை. நான் கண்டது சரிதானா என்று கடைசியாக ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அந்தச் சனிக்கிழமை மாமா அம்மாவுக்குக் கொடுத்து முடித்து வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது, சிவப்பையும் பச்சையையும் இடம் மாற்றினேன். மாமா வந்து நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய் சார்ஜ்மேனிடம் கொடுத்தார். அவர் அதைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். நான் சரிதான். அப்புறம் பாண்டி விளையாடக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். மாமாவும் வந்திருந்தார். வாசலில் அந்தக் குரல் கேட்டது.

“ஏ, வைத்தியரே! வெளிய வாரும்யா!”

சார்ஜ்மேன் சட்டை பட்டன் போடாமல் நின்றிருந்தார். முகம் சிவந்து வியர்த்திருந்தது. கையில் சிவப்பு பாட்டில், பாதி காலி. பின்னால் அவர் மனைவி. குரல் கேட்டு இரண்டு வரிசையிலும் கதவுகள் திறந்தன.

“காலையில இதக் குடிச்சேன். குடிச்சதுல இருந்து கிறுகிறுன்னு வருது. என் பெஞ்சாதி பாத்துட்டுச் சொல்லுதா, இது செவப்புன்னு. ரத்தக்கொதிப்புக்காரனுக்குச் செவப்பக் குடுத்திருக்கீரே, என்னைக் கொல்லப் பாத்தீரா?”

மாமா பாட்டிலை வாங்கினார். இப்படியும் அப்படியும் திருப்பினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடியிருந்த அத்தனை பேருக்கும், இடுப்பில் இருந்த குழந்தைக்குக்கூட, அது சிவப்பு என்று தெரிந்தது. மாமா மட்டும் அதை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். வெயிலுக்கு நேராகப் பிடித்தார், இறக்கினார், மறுபடியும் பிடித்தார். பெரியவர்கள் பயப்படுவார்கள் என்பதை நான் முதல்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

“நான்தான்… நான்தான் மாத்தி வெச்சேன்” என்று கத்திவிட்டேன்.

அப்பாவின் கை கன்னத்தில் விழுந்தது. கண்ணுக்குள் எல்லா நிறமும் தெரிந்தது.

சார்ஜ்மேன் அதோடு விடவில்லை. “சின்னப்புள்ள மாத்தி வச்சா, எடுத்துக் குடுத்தவருக்குக் கண்ணு எங்கய்யா போச்சு?” என்றார் மாமாவைப் பார்த்து.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கினார்.

“புள்ள மேல கைய வெக்காதே!”

அம்மாவின் குரல். அதைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்ததால் முதலில் யாருடையது என்றே புரியவில்லை. கலைந்த தலையும் கசங்கிய புடவையுமாக அவள் வாசற்படியைத் தாண்டி, வெயிலில் இறங்கி வந்தாள். கண் கூசியது போல, கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டாள். மாமாவின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினாள்.

“இன்னா சார் கூச்சல்? இத வாங்கிகினு போனது யாரு?”

“நான்தான். அதுக்கு?”

“ஊத்திக் குடிச்சது யாரு?”

“நான்தாம்மா.”

“அவனுக்கு கண்ணு எங்க போச்சின்னு கேக்குறீங்களே, ஊத்திக் குடிக்க சொல்லோ உங்க கண்ணு எங்க போச்சி? செவப்புன்னு உங்க ஊட்டம்மா சொன்னப்பறம்தானே உங்களுக்கே கிறுகிறுன்னு வந்துச்சி?”

சார்ஜ்மேன் பின்னால் திரும்பினார். அவர் மனைவி, “அவ கேக்கதும் சரிதான?” என்றார் மெதுவாக. யாரோ ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு வரிசை முழுக்க ஓடியது. அம்மா விடவில்லை. “தண்ணி சார் இது! கொயாத் தண்ணி! வெயில்ல வெச்ச தண்ணிய குடிச்சி யாருனா செத்துகீறாங்களா? போயி மோர் குடிச்சிட்டு படுங்க, போங்க” என்று அனுப்பிவைத்தாள். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்து, “இங்க இன்னா வேடிக்க? உள்ள வாங்க” என்றாள். உள்ளே போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து பார்த்து, “இதத்தான் துன்னுகினு இருந்தீங்களா இத்தினி நாளு?” என்றாள். அன்று மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு.

அவள் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமாவுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது, நடுவில் நான் சரியான தண்ணீரைப் போக வைத்ததால்தான் நீ எழுந்தாய் என்று ஆதாரத்தோடு விளக்கினேன்.

அம்மா கரண்டியை நிறுத்தினாள். வாசலைப் பார்த்தாள். மாமா வெளியே சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியும்” என்றாள். “சின்ன வயசுல நாங்க மொளகா பறிக்க போவோம். பயுத்தத மட்டும் பறிக்கணும். இவன் கூடையில பாதிக்குப் பாதி பச்சையா கெடக்கும். மேஸ்திரி அடிப்பான். அப்பால அவன் பாத்தியையும் நானே பறிச்சிடுவேன். ரயில்வேல கண்ணு பரீட்சையில திருப்பி அனுச்சிட்டாங்க. ஊருக்கு ஒயரம் பத்தலன்னு சொல்லிகினான். எனக்கும் அதான் சொன்னான். எனக்கு தெரியும்னு அவனுக்கு தெரியாது. நீ போயி ஒளறிடாத.”

“அப்போ பச்சத் தண்ணின்னு தெரிஞ்சே குடிச்சியா?”

“அவன் கையால குட்தான். குடிச்சேன்.”

“அப்டின்னா எந்தத் தண்ணிலம்மா உனக்கு சரியாச்சி?”

அம்மா என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரல் தடம் இன்னும் இருந்திருக்கும். “போயி மாமாவ சாப்பட கூப்டு” என்றாள்.

அது பதில் இல்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ‘சிவப்பு’ என்று நோட்டில் எழுதி முடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் மாமா பாட்டில்களைத் தொடவில்லை. பலகை சுவரிலிருந்து இறங்கியது. புத்தகம் என்ன ஆனதென்று தெரியாது. மூட்டு வலிக்காரம்மா மட்டும் கொஞ்ச நாள் ஆரஞ்சு வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் தாள் அடுத்த மழையில் தானாக உரிந்தது.

பள்ளி லீவு விட்டதும் மாமா என்னை முத்தாபுதுப்பேட்டைக்கு அழைத்துப் போனார். சைக்கிளின் முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்கார வைத்திருந்தார். பொழுது சாய்கிற நேரம். சாலைக்கு ஒரு பக்கம் வயல், அதற்கு அப்பால் வானம் விரிந்து கிடந்தது. மாமா நிதானமாக மிதித்தார். பிறகு என் தலைக்கு மேலிருந்து அவர் குரல் வந்தது.

“மானம் இப்போ இன்னா கலர்ல கீது?”

“செவப்பா கீது மாமா.”

“எப்டி செவப்பு?”

“எப்டின்னா? செவப்புன்னா செவப்புதான்.”

“இல்ல… பாத்தா எப்டி கீது? உள்ள எதுனா பண்ணுதா? சூடா, படபடன்னு…”

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சொல்லியிருந்தது நினைவில் இருந்தது. ஒன்றும் உளறிவிடக் கூடாது. மாமா பள்ளிக்கூடத்து வாத்தியார்போல என்னைச் சோதிக்கிறார், பதிலைச் சட்டென்று சொல்லி முடித்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். தன் வாழ்நாளில் யாரிடமும் கேட்காத ஒன்றை, பத்து வயதுப் பெண்ணாகிய என்னிடம் ஒரு மனிதர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு எட்டவில்லை.

“அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது மாமா. சும்மா செவப்பு” என்றேன்.

அவர் “உம்” என்றார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் ஏதோ கேட்க வாயெடுத்தார். ஆனால் அதற்குள் சைக்கிள் மணி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதை நான் கண்டுபிடித்திருந்தேன். காலியான அந்தச் சாலையில், வீடு வந்து சேரும்வரை, விடாமல் அடித்துக்கொண்டே போனேன்.